பேசாமல் ஒரு சவரம்

எங்கள் ஊர் டெக்ஸர்கானாவுக்கு நடுவே ஒரு ரோடு போகிறது. ரோட்டுக்கு மேற்கே டெக்சஸ் மாநிலம், கிழக்கே ஆர்கன்சா. மேற்கே ஒருவன் மீன் பொரித்தால் கிழக்கே இருப்பவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும், அவ்வளவு பக்கம். ஆனால் சட்டத்துக்கு மூக்கும் கிடையாது, நாக்கும் கிடையாது. அதற்கு ரோட்டின் அந்தப் பக்கம் வேற்று நாடு.

ஹெர்ஷல் ப்ரூவிட் மேற்குப் பக்கம் சலூன் வைத்திருந்தான். நான் முதல் சம்பளம் வாங்கிய காலத்திலிருந்து என் தலை அவன் கையில்தான். அவன் கடை இருந்த கட்டடத்தை யாரோ விலைக்கு வாங்கி, கார் கழுவும் இடம் கட்டப் போவதாகச் சொன்னார்கள். ஹெர்ஷல் அலட்டிக்கொள்ளவில்லை. நேர் எதிரே, ஆர்கன்சா பக்கத்தில், நீட்டாக்காவின் சலூன் இருந்தது. எழுபதைத் தாண்டியும் கத்தரி பிடிக்கிற மனுஷி. அவளே ரோட்டைத் தாண்டி வந்து கூப்பிட்டாள்.

"வாடா ஹெர்ஷல். என் கடையில ஒரு இடம் சும்மா தூசி பிடிச்சுக் கெடக்கு. உன் நாற்காலியக் கொண்டாந்து போட்டுக்கோ. வாடகையெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

அந்த நாற்காலி இரும்பு. யானைக் கனம் கனக்கும். தள்ளுவண்டியில் ஏற்றி ஐந்தாறு பேர் ரோட்டைக் கடத்தினோம். பாதியில் சிக்னல் மாறிவிட்டது. லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கினார்கள். நான் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து அத்தனை வண்டியையும் நிறுத்தினேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான், பெயர் லெமுவல் டாக்கரி. வண்டியை நிறுத்துவது எனக்குப் பழகிப்போன வேலை.

நாற்காலி வந்து சேர்ந்தது. ஹெர்ஷல் தன் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்தோடு சுவரில் மாட்டினான். நீட்டாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இது அந்தப் பக்கத்து லைசென்ஸ்டா. இங்க இது வெறும் படம். ஆணியடிச்சு மாட்டிக்கலாம், முடி வெட்ட முடியாது."

அவள் சொன்னது சரிதான். டெக்சஸ் லைசென்ஸ் இருந்தால் ஆர்கன்சா லைசென்ஸாக மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் பார்பர் பள்ளிக்கூடத்தில் எத்தனை மணிநேரம் படித்தாய் என்பதற்குச் சான்று வேண்டும். ஹெர்ஷல் படித்த பள்ளிக்கூடம் எப்போதோ மூடிப்போனது. சான்று கொடுக்க அங்கே ஒரு காவலாளிகூட மிச்சமில்லை. சான்று இல்லையென்றால் புதுப் பையன்களோடு சேர்ந்து தேர்வு எழுது, பிறகு லிட்டில் ராக் நகரத்துக்கு வந்து ஒரு ஆளுக்கு முடி வெட்டிச் சவரம் செய்து காட்டு என்றார்கள். அதுவரை ஆர்கன்சா பக்கம் ஒரு தலையைக்கூடத் தொடக் கூடாது. கடை கூட்டலாம், போன் எடுக்கலாம்.

எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டான். கை வேலைத் தேர்வுக்குத் தேதி வர வேண்டும். அதற்காகக் காத்திருந்தோம்.

காத்திருந்தது அவன் மட்டுமல்ல. எங்கள் கறுப்பின ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெண்டாட்டிக்குத் துரோகம் செய்தவனைக்கூட இரண்டு ஞாயிற்றுக்கிழமை அழுதால் சபையில் மன்னித்துவிடுவார்கள். தன் பார்பரை விட்டு இன்னொருவனிடம் தலையைக் கொடுத்தவனுக்கு மன்னிப்பு கிடையாது. மறைக்கவும் முடியாது. பழைய பார்பர் நெற்றியோர முடிக் கோட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும், யார் கை பட்டது என்று பெயரோடு சொல்லிவிடுவான். அதனால் ஹெர்ஷலின் ஆட்கள் எல்லாரும் தலையில் தொப்பியை அழுத்திக்கொண்டு, தாடியை வளர விட்டுக்கொண்டு, நீட்டாக்கா கடையில் வந்து உட்கார்ந்து டாமினோக் கட்டை அடுக்கி ஆடினோம். அவளுடைய நாற்காலி காலியாகவே இருந்தது. ஒருவனும் ஏறவில்லை.

"ஏன்டா, என்கிட்ட உக்காந்தா தலையா போயிடும்?" என்று அவள் கேட்டாள். "ஓசியில ஃபேன் காத்து வாங்குறீங்க, ஓசியில காப்பி குடிக்கிறீங்க. ஒருத்தனுக்காச்சும் வெக்கம் இருக்கா? வாசல்ல நின்னு பாக்குறவன் இது சலூனா, பைபிள் நாடக ஒத்திகையான்னு கேக்குறான்."

"கோவிச்சுக்காதீங்கக்கா. தலை ஒண்ணுதானே இருக்கு."

"அந்த ஒண்ணுலயும் உள்ள ஒண்ணுமில்லையேடா, லெம்."

ஆர்கன்சா பக்கத்து எங்கள் வீட்டில் என் மனைவி அர்லீன் அதைவிட மோசம். அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போட்டோ எடுக்கும்போது என்னைக் கடைசி வரிசையில் நிற்க வைத்தாள். "கேமராக்காரரே, அந்தப் புதர் படத்துல விழாமப் பாத்துக்கங்க" என்று ஊர் கேட்கச் சொன்னாள். பிறகு ஒருநாள் அவளே ஹெர்ஷலுக்குப் போன் போட்டு, சமையல்கட்டில் திரையை இழுத்துவிட்டு என் முடியை வெட்டிவிட்டுப் போகும்படி கெஞ்சினாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். தெரிந்தால் கை வேலைத் தேர்வுக்கே விடமாட்டார்களாம். நான் ஒரு யோசனை சொன்னேன்.

"நாற்காலிய நடு ரோட்டுல போடு. நீ டெக்சஸ்ல நில்லு. என் தலைய மட்டும் உன் பக்கம் சாய்ச்சுக்கிறேன்."

"லாரி வந்தா ரெண்டு மாநிலமும் சேர்ந்து அடக்கம் பண்ணும்டா" என்றான்.

சிரித்துப் பேசினாலும் எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. ஹெர்ஷலின் மகன் டாலஸில் இருக்கிறான். அது டெக்சஸ். அங்கே அப்பனின் லைசென்ஸ் அப்படியே செல்லும். மகன் தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்து, சுண்ணாம்பெல்லாம் அடித்து வைத்துவிட்டு, வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஹெர்ஷல் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னான்.

"இந்தத் தேர்வுல தவறிட்டேன்னா நான் போயிடுவேன், லெம். இன்னொரு தேதி வர்றவரைக்கும் தொடப்பத்தப் பிடிச்சுட்டு நிக்க என்னால முடியாது. கை மரத்துப்போகுது."

அவன் போய்விட்டால் முடி வெட்ட வேறு ஆள் கிடைக்காமலா போகும்? கிடைக்கும். காலையில் எழுந்ததும் போய் வம்புக்கு இழுக்க இன்னொருவன் கிடைக்க மாட்டான். எனக்கு அதுதான் கவலை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "போறதுன்னா போ, டாலஸ்காரனுக்குத் தலையெழுத்து அப்படி" என்று சொல்லி வைத்தேன்.

தேதி வந்தது. கூடவே விதிமுறைப் புத்தகமும் வந்தது. தேர்வுக்குத் தலையையும் தாடியையும் நீயே கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் தாடிதான் இருப்பதிலேயே அடர்த்தி. பஸ் ஓட்டியவன் ஒரு தடவையாவது பயன்படட்டும் என்றார்கள். நீட்டாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிகளை உரக்கப் படித்தாள். கீழே விழுந்த சீப்பை மறுபடி எடுத்து உபயோகிக்கக் கூடாது. பிடரியில் ஒட்டிய முடியை வாயால் ஊதக் கூடாது. சவரத்தில் ரத்தம் வந்தால் தோல்வி. அடுத்ததைப் படித்ததும் அவளே நிறுத்திவிட்டாள்.

"தேர்வு நடக்குறப்போ நாற்காலியில இருக்குற ஆள்கூடப் பேசக் கூடாது."

டாமினோ ஆடிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. யாரோ ஒருவன் "போச்சு" என்றான்.

ஹெர்ஷலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் பேசாமல் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அவனிடம் ஒரு மீன் கதை இருக்கிறது. நானும் படகில் இருந்த அன்று சல்ஃபர் ஆற்றில் அவன் பிடித்த கெளுத்தி மீன், படகையே இழுத்துக்கொண்டு போன மீன். ஒவ்வொரு தடவையும் அந்த மீன் ஒரு முழம் வளரும். அவன் ஒரு வரி சொல்லிக் கத்தியை ஒரு இழுப்பு இழுப்பான். கடையில் இருப்பவர்கள் "பொய்!" என்போம். உடனே அடுத்த வரி, அடுத்த இழுப்பு. சபையில் பாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் "ஆமென்" போடுவோமே, அந்த மாதிரி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு வாயே எமனாக வந்து நின்றது.

ஒத்திகை தொடங்கினோம். பிளேடு மாட்டாத கத்தி, என் முகம் முழுக்க நுரை. நீட்டாக்கா ஒரு பழைய கேக் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் வாயைத் திறந்தால் தட்டில் ஒரு அடி.

"லெம், தலைய இந்தப் பக்கம்…"

டங்!

"மன்னிச்சுக்கங்க…"

டங்!

"அக்கா, நான் மன்னிப்புத்தானே கேட்டேன்!"

டங்! டங்! "மன்னிப்பும் பேச்சுதான்டா!"

முதல் நாள் சிரித்தே வயிறு வலித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவன் வாயை மூடக் கற்றுக்கொண்டதும் கை நின்றுபோனது. மெஷின் வைத்து முடி வெட்டும்வரை சரியாக இருந்தது. மெஷின் ரீங்காரம் அவனுக்குத் துணைக்கு இருந்தது போலும். கத்தியை எடுத்தால் போச்சு. ஒரு இழுப்பு இழுப்பான். கன்னத்தில் கத்தியை வைத்தபடியே நிற்பான். எதற்கோ காத்திருப்பதுபோல என் முகத்தைப் பார்ப்பான். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தேர்வுக்குக் கொடுத்த கெடு முடிவதற்குள் பாதி முகம்கூட முடியாது. இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை அவனுக்கே அந்நியமாகிப்போனது. நான் கோபத்தில் கத்தினேன். கத்தி என்ன பயன்? எனக்கும் என்ன கோளாறு என்று தெரியவில்லை.

தேர்வு நாளன்று காலையில் என் காரில் கிளம்பினோம். அர்லீன் பொரித்த மீனும் சோள ரொட்டியும் கட்டிக் கொடுத்திருந்தாள். அவன் தொடவில்லை. வழியெல்லாம் மீன் கதையையே சொல்லிக்கொண்டு வந்தான், தேர்வு தொடங்குவதற்குள் வாயைக் காலி செய்துவிடுகிறவன் மாதிரி. லிட்டில் ராக் வந்து வண்டியை நிறுத்தும்போது மீன் தூண்டிலைக் கவ்வியிருந்தது. அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.

பெரிய கூடம். வரிசையாக நாற்காலிகள். புதுப் பையன்கள் கத்தரியைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். தேர்வாளர் க்ரம்ப்டன் அம்மா. எங்கள் இனத்து மனுஷிதான். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், கையில் அட்டையும் பேனாவும். முகத்தில் சிரிப்பு என்று ஒன்று மருந்துக்கும் இல்லை.

"இப்ப இருந்து நீங்களும் பேசக் கூடாது, உங்க ஆளும் பேசக் கூடாது. ஆரம்பிக்கலாம்."

முடி வெட்டினான். மெஷின் பேசிக்கொண்டிருந்தது, அவன் கையும் ஓடியது. சீப்பு ஒருதடவை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் சட்டென்று நிமிர்ந்து வேறு சீப்பை எடுத்தான். பிடரியில் முடி கிடந்தது. உதடு குவிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு பிரஷைத் தேடினான். 'நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், ஆண்டவரே, இந்த நுணலை மட்டும் காப்பாற்றும்' என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்தது சவரம். வெந்நீர்த் துண்டு, நுரை எல்லாம் முடிந்தது. நாற்காலியைச் சாய்த்தான். கூரைதான் தெரிந்தது. கத்தி வலது கன்னத்தில் ஒரு இழுப்பு இறங்கியது.

நின்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. அதே கோளாறு. பக்கத்து நாற்காலிகளில் பையன்கள் சரசரவென்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். க்ரம்ப்டன் அம்மாவின் செருப்புச் சத்தம் கிட்டே வந்து நின்றது. ஹெர்ஷலின் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. வேர்த்துக் கொட்டியது. அவன் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. டாலஸில் சுண்ணாம்பு அடித்த அந்த அறை எனக்கு நினைவுக்கு வந்தது. இவன் அங்கே ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பான், நான் இங்கே டாமினோவைத் தனியாகக் கலைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அட மடையா, இழுடா! கத்த முடியவில்லை. சபையில் பாஸ்டர் தடுமாறும்போது நாங்கள் பெஞ்சைத் தட்டுவோம். அந்தப் பழக்கத்தில், மேல்துணிக்கு அடியில், என் விரல் நாற்காலிக் கையை ஒரு தட்டு தட்டியது.

கத்தி இறங்கியது. ஒரே இழுப்பு, காது ஓரத்திலிருந்து தாடைவரை.

மறுபடி நின்றது. நான் மறுபடி தட்டினேன். அடுத்த இழுப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவன் பேச்சை அடக்கியதைத்தான் நாங்கள் கவனித்தோம். அவனோடு சேர்ந்து நாங்களும் வாயை மூடிக்கொண்டதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவனால் கதை சொல்லாமல் இருக்க முடியும். எங்கள் 'பொய்' இல்லாமல்தான் இருக்க முடியாது. தட்டினேன். இழுத்தான். தட்டினேன், இழுத்தான். கன்னம் முடிந்தது, மேலுதடு முடிந்தது. கை பழைய கையாக ஓடியது.

"அது என்ன சத்தம்?" என்றார் க்ரம்ப்டன் அம்மா.

கத்தி என் தொண்டைக்கு மேல் நின்றது. நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் பேசியதாக ஆகிவிடுமே.

"உங்களத்தாங்க கேக்குறேன். என்கிட்டப் பேசலாம்."

நான் உதட்டை இன்னும் இறுக்கினேன். யார் கண்டது, இதுவும் ஒரு பரீட்சையாக இருந்தால்? ஹெர்ஷலும் சிலையாக நின்றான். அந்த அம்மா மேல்துணியின் ஓரத்தைப் பேனாவால் தூக்கிப் பார்த்தார். என் விரல் தட்டத் தயாராக நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணியை இறக்கிவிட்டார். "ம்" என்றார். செருப்புச் சத்தம் அடுத்த நாற்காலிக்குப் போனது.

நான் தட்டினேன். கத்தி தொண்டையில் இறங்கியது. ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை.

எல்லாரும் முடித்த பிறகு, அந்த அம்மா வந்து என் தாடையைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். அட்டையில் என்னமோ எழுதினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எந்தச் சபை?"

"மவுண்ட் பில்கிரிம், டெக்ஸர்கானா" என்றேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அதான பாத்தேன்" என்றார். "எங்க சபையிலயும் முன் பெஞ்சுல ஒருத்தர் இருக்கார். அவர் தட்டலன்னா பாஸ்டருக்கு வசனமே ஓடாது." ஹெர்ஷல் பக்கம் திரும்பினார். "ப்ரூவிட், ஆர்கன்சா உங்கள ஏத்துக்குது. வெளிய அலுவலகத்துல காகிதத்த வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டு காரில் ஏறினோம். நான் குதித்தேன், ஸ்டீயரிங்கைக் குத்தினேன், மீன் பொட்டலத்தைப் பிரித்தேன். அவன் சாப்பிட்டான், பேசவில்லை. அர்காடெல்ஃபியா ஊர் தாண்டியது, பேசவில்லை. ஹோப் தாண்டியது, அப்போதும் பேசவில்லை. நடுவில் மகனுக்குப் போன் போட்டு, "அந்த ரூம்ல பெட்டி படுக்கையெல்லாம் போட்டுக்கோ, நான் வரல" என்று சொன்னதோடு சரி. எனக்குத் திகிலாகிவிட்டது. லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வாயைப் பிடுங்கிக்கொண்டார்களா?

"டேய், ஏதாச்சும் பேசித் தொலைடா!"

"நீ தட்டுனதுல ஒண்ணு தப்பு" என்றான் மெதுவாக.

"என்னது?"

"மனசுக்குள்ள மீன் கதையத்தான் சொல்லிட்டிருந்தேன், இழுப்புக்கு ஒரு வரியா. எல்லா எடத்துலயும் சரியாத்தான் 'பொய்' போட்ட. மீனப் பாத்து பயந்து நீ தண்ணியில விழுந்தியே, அந்த எடத்துலயும் தட்டுன. அது மட்டும் நெசம்டா."

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. கண் கலங்கி ரோடு மறைந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். அவன் துண்டை எடுத்து நீட்டினான்.

நீட்டாக்கா கடையில் கால் வைக்க இடமில்லை. தொப்பித் தலைகள் அத்தனையும் வந்து காத்திருந்தன. அர்லீனும் வந்திருந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "அட, இது நான் கட்டிக்கிட்ட ஆளுதான்" என்றாள். ஹெர்ஷல் பழைய சட்டத்தைக் கழற்றவில்லை. அதன் பக்கத்திலேயே புதுக் காகிதத்தை ஒட்டினான். முதல் ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, நுரை தடவி, கத்தியை எடுத்தான். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நீட்டாக்கா பழக்க தோஷத்தில் கரண்டியைத் தேடினாள்.

"வெள்ளிக்கிழமை விடியக்காலம்," என்று ஆரம்பித்தான், "சல்ஃபர் ஆத்துல தண்ணி எண்ணெய் மாதிரி நிக்குது. தூண்டில் போடுறேன். என் பக்கத்துல லெமுவல் டாக்கரி, நீச்சல் தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கான்…"

"பொய்!" என்று கடையே கத்தியது. எல்லார் குரலுக்கும் மேலே என் குரல்தான் கேட்டது.